இமயம் ஏற, கங்கைச் சமவெளி இறங்க: மலைமுன் படுகைகள் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மலை எப்படி உருவாகிறது என்பதைப் பள்ளியிலேயே படித்துவிடுகிறோம். அதே வேகத்தில் மலையடிவாரத்தில் ஒரு பள்ளம் உருவாகி, மலையிலிருந்து வரும் மண்ணாலேயே நிரம்புவது பற்றி யாரும் அதிகம் பேசுவதில்லை. நிலவியலில் இதை ஃபோர்லாண்ட் பேசின் என்பார்கள். இங்கே மலைமுன் படுகை என்று சொல்லிக்கொள்வோம். உலகெங்கும் இப்படிப் பல படுகைகள் உண்டு. ஆனால் இன்றும் இயங்கிக்கொண்டிருக்கும் இமயமும் கங்கைச் சமவெளியும்தான் இதைப் புரிந்துகொள்ள மிகச் சிறந்த இடம் என்பது என் எண்ணம். அதனால் பெரும்பாலும் அங்கேயே நிற்கிறேன்.

கங்கைச் சமவெளி தட்டையாகத்தானே இருக்கிறது? அதைப் படுகை என்பது ஏன்?

தட்டையாக இருப்பது மேல்பரப்பு மட்டும்தான். வாரணாசிக்குச் சற்றுத் தென்மேற்கே, கங்கைக் கரையிலேயே சுனார் கோட்டை நிற்கிறது. அது நிற்பது விந்தியத்தின் பழைய மணற்பாறை மேல். அங்கே வண்டலின் ஆழம் பூஜ்யம். அங்கிருந்து வடக்கே நேபாள எல்லை நோக்கிப் போகப் போக அதே பழைய பாறை மண்ணுக்கடியில் இறங்கிக்கொண்டே போகிறது. இமய அடிவாரத்தை நெருங்கும்போது வண்டலும் மணற்பாறையும் சேர்ந்து 5 கி.மீ.க்கு மேல் கனம். மேலே ரயிலில் போகிறவருக்கு ஒரே மட்டமான வயல்வெளி. கீழே வடக்கு நோக்கிச் சரியும் ஒரு ஆப்பு வடிவப் பள்ளம்.

அடித்தளம் வழவழப்பாகவும் இல்லை. டெல்லி–ஹரித்வார், ஃபைசாபாத், முங்கேர்–சஹர்சா என்று மூன்று பழைய பாறை முகடுகள் மண்ணுக்கடியில் குறுக்காக ஓடுகின்றன. அவற்றுக்கிடையே சாரதா, கண்டக் ஆகிய ஆற்றுப் பகுதிகளுக்கு அடியில் வண்டல் இன்னும் ஆழமாகச் சேர்ந்திருக்கிறது.

மலை எழுந்தால் பக்கத்து நிலம் ஏன் இறங்க வேண்டும்?

முதலில் மலை எப்படிக் கட்டப்படுகிறது என்று பார்க்க வேண்டும். இந்தியத் தட்டு யூரேசியத் தட்டோடு மோதத் தொடங்கி ஏறத்தாழ 5 கோடி ஆண்டுகள் ஆகின்றன. மோதலில் புவியோட்டின் மேல்பகுதி உடைந்து, சாய்வு குறைந்த பிளவுகளின் வழியே ஒரு பாறைத்தொகுதி இன்னொன்றின் மேல் ஏறி உட்காருகிறது. இப்படி ஏறும் பிளவுதான் த்ரஸ்ட். பழைய பாறை மேலே வந்துவிடும், இளைய பாறை அதன் அடியில் போய்விடும். இமயத்தில் இப்படி மூன்று பெரிய த்ரஸ்டுகள் வரிசையாக இருக்கின்றன. வடக்கே மத்திய பெரும் த்ரஸ்ட், அதற்குத் தெற்கே எல்லை த்ரஸ்ட், சமவெளியின் விளிம்பில் முகப்பு த்ரஸ்ட். மூன்றும் ஆழத்தில் ஒரே சறுக்குத் தளத்தில் போய்ச் சேர்கின்றன. வடக்கில் உள்ளதுதான் மூத்தது, இரண்டு கோடி ஆண்டுகளுக்கு முன்பே இயங்கியது. தெற்கில் உள்ள முகப்பு த்ரஸ்ட் கடைக்குட்டி, இன்றும் இயங்குகிறது.

ஒவ்வொரு முறை ஒரு தொகுதி ஏறும்போதும் இந்தியத் தட்டின் விளிம்பில் புதுப் பாரம் ஏற்றப்படுகிறது. அந்தத் தட்டு, அதற்குக் கீழே உள்ள மேன்டில் என்ற அடர்த்தியான பாறை அடுக்கின் மேல் மிதக்கிற, வளையக்கூடிய ஒரு பலகை. தண்ணீரில் மிதக்கும் நீளமான தெப்பத்தின் ஒரு முனையில் மூட்டைகளை அடுக்கினால் அந்த முனை மட்டும் அமிழாது, மூட்டைக்கு முன்னால் உள்ள வெற்றிடமும் சேர்ந்து தாழும். இன்னும் தள்ளி ஓரிடத்தில் தெப்பம் லேசாக மேலே தூக்கும். மூட்டைக்கு முன்னால் தாழ்ந்த அந்த இடம்தான் கங்கைச் சமவெளி.

இதில் பலரும் கவனிக்காத ஒரு கணக்கு இருக்கிறது. பள்ளத்தில் வந்து விழும் மண்ணும் ஒரு பாரம்தான். மேன்டிலின் அடர்த்தி கன சென்டிமீட்டருக்கு ஏறத்தாழ 3.3 கிராம். வண்டல் பாறை 2.4, தண்ணீர் 1. தண்ணீர் மட்டும் நிரம்பிய பள்ளத்தில் அடர்த்தி வேறுபாடு 2.3. வண்டல் நிரம்பினால் அது 0.9 ஆகிவிடும். ஒன்றை மற்றொன்றால் வகுத்தால் சுமார் இரண்டரை. அதாவது, தண்ணீர் நின்றால் 2 கி.மீ. ஆழம் இருந்திருக்கக்கூடிய பள்ளம், வண்டலால் நிரம்பும்போது 5 கி.மீ. வரை இறங்க இடமிருக்கிறது. தட்டின் விறைப்பு இந்தக் கணக்கைக் கொஞ்சம் மாற்றும், ஆனால் போக்கு இதுதான். மலை பள்ளத்தைத் தொடங்கிவைக்கிறது. மலையிலிருந்து வந்த மண் அதை ஆழமாக்குகிறது.

பாரம்தான் ஒரே காரணமா?

இல்லை. இத்தாலியின் ஆப்பினைன் மலைகளுக்கு முன்னால் உள்ள பள்ளம், அந்த மலைகளின் எடைக்குப் பொருந்தாத அளவு ஆழமானது. அங்கே தட்டின் முனை மேன்டிலுக்குள் தொங்கி, தன் எடையால் மிச்சத்தையும் கீழே இழுக்கிறது. கண்ணுக்குத் தெரியும் மலையை மட்டும் வைத்துப் படுகையின் ஆழத்தைக் கணிக்கப் போனால் இதுபோன்ற இடங்களில் கணக்கு உதைக்கும்.

தட்டு வளைகிறது என்பது எப்படித் தெரிந்தது?

இந்தக் கதையின் தொடக்கம் சென்னையில் இருக்கிறது. 1802-ல் வில்லியம் லாம்டன் பரங்கிமலை அருகே அடிக்கோடு அளந்து தொடங்கிய நில அளவை, ஜார்ஜ் எவரெஸ்ட் காலத்தில் இமய அடிவாரம் வரை போனது. மத்திய இந்தியாவின் கலியான்பூருக்கும் வடக்கே கலியானாவுக்கும் இடையே சுமார் 600 கி.மீ. இரண்டு ஊர்களின் அட்சரேகை வேறுபாட்டை நிலத்தில் முக்கோணங்களாக அளந்தால் ஒரு விடை, விண்மீன்களைப் பார்த்து அளந்தால் இன்னொரு விடை. வித்தியாசம் 5.236 விநாடி. கோணத்தில் மிகச் சிறியதுதான். ஆனால் அந்த அளவையின் துல்லியத்துக்கு அதை விட்டுவிட முடியாது.

விண்மீனை அளக்கும்போது செங்குத்துத் திசையைக் காட்டும் தூக்குக்குண்டை இமயத்தின் ஈர்ப்பு தன் பக்கம் இழுத்திருக்க வேண்டும் என்று சந்தேகப்பட்டார்கள். கல்கத்தாவில் திருச்சபைப் பொறுப்பில் இருந்த ஜான் பிராட் என்ற கணிதவியலாளர் மலையின் எடையை வைத்துக் கணக்குப் போட்டார். அவருக்குக் கிடைத்தது 15.885 விநாடி. மலை இழுக்க வேண்டிய அளவில் மூன்றில் ஒரு பங்குதான் இழுக்கிறது! மேலே தெரியும் மலைக்கு ஈடாக அடியில் எடை குறைவான பாறை இருந்தால்தான் இது சாத்தியம். 1855-ல் ஆங்கிலேய வானியலாளர் ஜார்ஜ் ஏரியும், தொடர்ந்து பிராட்டும் ஆளுக்கொரு விளக்கம் தந்தார்கள். மலைகள் மிதக்கின்றன என்ற கருத்து அங்கேதான் பிறந்தது.

தட்டின் விறைப்பையும் சேர்த்து, மலைப்பாரத்தால் முன்னால் பள்ளம் விழுவதைக் கணித முறையில் காட்டியது 1981-ல். கனடாவின் ராக்கி மலைகளை வைத்து கிறிஸ்டபர் போமாண்டும், அமெரிக்காவின் ஐடஹோ–வயோமிங் பகுதியை வைத்து தெரசா ஜோர்டனும் தனித்தனியே செய்தார்கள். கங்கைப் படுகைக்கு அதே கணக்கைப் போட்டவர்கள் எலன் லியோன்-கான், பீட்டர் மோல்நார் இருவரும். ஆண்டுகள் 1983, 1985.

படுகை முழுவதும் ஒரே மாதிரி இருக்குமா?

இருக்காது. 1996-ல் டிசெல்லஸ், ஜைல்ஸ் என்ற நிலவியலாளர்கள் இருவரும் வகுத்த நான்கு பகுதிகளைத்தான் இன்று எல்லோரும் பயன்படுத்துகிறார்கள். டேராடூனில் நிற்பவர் முதல் பகுதியில் நிற்கிறார். வடக்கே முசோரி மலை, தெற்கே சிவாலிக் குன்று, நடுவே சரளை நிரம்பிய பள்ளத்தாக்கு. இது நகர்ந்துகொண்டிருக்கும் த்ரஸ்ட் தொகுதியின் முதுகிலேயே உட்கார்ந்திருக்கும் சிறு படுகை. நேபாளத்தின் சித்வனும் அப்படித்தான்.

சிவாலிக்கைத் தாண்டித் தெற்கே இறங்கினால் இரண்டாம் பகுதியான முன்பள்ளம். வண்டல் அதிகக் கனத்தில் சேர்வது இங்கேதான். அதற்கும் தெற்கே தட்டு லேசாக மேலே புடைத்திருக்கும். மத்திய இந்தியாவில் இந்தப் புடைப்பு சுமார் 450 மீட்டர் உயரம் என்பது ஒரு கணிப்பு. 1997 மே மாதம் ஜபல்பூரில் ஏற்பட்ட நிலநடுக்கத்தை இந்த வளைவோடு தொடர்புபடுத்திப் பேசுபவர்களும் உண்டு. புடைப்புக்கு அப்பால் மறுபடி மிக ஆழமில்லாத ஒரு தாழ்வு வரும். நிலத்தில் போய்ப் பார்த்தால் கடைசி இரண்டும் எளிதில் பிடிபடாது.

மலை முன்னேறும்போது படுகைக்கு என்ன ஆகிறது?

முழு விஷயத்தின் உயிரும் இந்தக் கேள்வியில்தான் இருக்கிறது. இமயத்தின் குறுக்கே இன்றும் ஆண்டுக்கு 15 முதல் 20 மி.மீ. வரை நிலம் நெருங்குகிறது. மலைமுகப்பு தெற்கே வர வர, பள்ளமும் அதற்கு முன்னால் தெற்கே நகர்கிறது. கங்கைப் படுகையின் தெற்கு விளிம்பு பழைய பாறையின் மேல் ஆண்டுக்கு 10 முதல் 15 மி.மீ. வேகத்தில் ஏறி வந்திருக்கிறது என்பது லியோன்-கான், மோல்நார் கணக்கு. பத்து லட்சம் ஆண்டில் 10 முதல் 15 கி.மீ. நேற்றுவரை முன்பள்ளமாக இருந்த இடம் இன்று த்ரஸ்டில் சிக்கி மலையாகிவிடும்.

சிவாலிக் குன்றுகள் இப்படி மலையான பழைய படுகை. டெல்லியிலிருந்து டேராடூன் போகும் பழைய சாலையில் மோஹந்த் தாண்டியதும் ஓடையோரச் செங்குத்துச் சரிவுகளைக் கவனியுங்கள். கீழ் அடுக்குகளில் சாம்பல் நிற மணற்பாறையும் இடையிடையே களிமண் படலமும். மேலே போகப் போக முஷ்டி அளவு, தலை அளவு கூழாங்கற்கள் மணலில் பதிந்த பாறை. கற்கள் பெரும்பாலும் குவார்ட்சைட், ஆற்றில் உருண்டு மழுங்கியவை. அந்தச் சரிவின் காலடியிலேயே ஓடும் ஓடையிலும் அதே கற்கள், அதே உருண்டை. ஒன்று பல லட்சம் ஆண்டுகளுக்கு முன் ஆறு போட்டது, இன்னொன்று போன மழைக்காலத்தில் வந்தது. பழைய படுகை உடைந்து புதிய படுகைக்குத் தீனியாவதை இவ்வளவு தெளிவாக ஒரே பார்வையில் காட்டும் இடம் அரிது.

இன்னும் பின்னால் போனால் கதை கடலில் தொடங்குகிறது. இமாசலத்தின் சோலன் மாவட்டத்தில் சுபாத்து, டக்ஷாய், கசௌலி என்ற மூன்று சிற்றூர்கள், மூன்று பாறை அடுக்குகளுக்குப் பெயர் கொடுத்திருக்கின்றன. சுபாத்து அடுக்கு ஏறத்தாழ 5 கோடி ஆண்டுகள் பழைய ஆழமற்ற கடலில் படிந்தது. ஆதித் திமிங்கலம் ஒன்றின் தாடை எலும்பு அதில் கிடைத்து, 1998-ல் ஹிமாலயாசீட்டஸ் என்று பெயரிடப்பட்டது. அதற்கு மேலே டக்ஷாயின் சிவப்பு மண்பாறை, பிறகு கசௌலியின் சாம்பல் மணற்பாறை. இரண்டிலும் ஆறுகளின் கைவண்ணம். மண்வரத்து பள்ளத்தின் வேகத்துக்கு ஈடுகொடுக்காத காலத்தில் கடல் நின்றது. மலை உயர்ந்து மண்வரத்து மிஞ்சியதும் கடல் வெளியேறி ஆறுகள் வந்தன. பெரும்பாலான மலைமுன் படுகைகள் இதே வரிசையில்தான் வளர்கின்றன. ஆல்ப்ஸுக்கு வடக்கே சுவிட்சர்லாந்திலும் இதையே பார்க்கலாம்.

சிவாலிக்கின் யானை, ஒட்டகச்சிவிங்கி இனப் புதைபடிவங்களை 1830-களில் தோண்டியெடுத்தவர்கள் ஹியூ ஃபால்கனர், புரோபி காட்லி. இதே காட்லிதான் பிறகு கங்கைக் கால்வாயைக் கட்டினார். ஒரே மனிதர் படுகையின் பழைய மண்ணையும் படித்தார், புதிய மண்ணில் நீரும் பாய்ச்சினார் என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு அவர்மேல் மதிப்பு கூடுகிறது.

அடுக்கில் திடீரென்று கூழாங்கல் வந்தால், அந்தக் காலத்தில் மலை எழுந்தது என்று அர்த்தமா?

பாடப்புத்தகங்கள் அப்படித்தான் சொல்லிவந்தன. எனக்கு அதில் முழு உடன்பாடு இல்லை. த்ரஸ்ட் வேகமாக இயங்கும்போது பள்ளமும் வேகமாக இறங்கும். அப்போது பெருங்கற்கள் எல்லாம் மலையடியிலேயே சிக்கிக்கொள்ளும், தொலைவுக்குப் போகாது. இயக்கம் தணிந்தபின், பள்ளம் இறங்குவது நின்று, மலை தேய்ந்து, பாரம் குறைந்து தரை லேசாக எழும்பும்போதுதான் கூழாங்கற்கள் படுகையின் தூரத்து முனைவரை பரவும். அதாவது நடுப்படுகையில் கிடைக்கும் சரளை, மலை எழுந்ததற்கு அல்ல, மலை ஓய்ந்ததற்குச் சாட்சியாக இருக்கலாம். பால் ஹெல்லரும் உடன் ஆய்வாளர்களும் 1988-ல் முன்வைத்த வாதம் இது.

பருவமழை வலுத்தாலும் பனியாறுகள் பெருகினாலும் கல்வரத்து கூடும். ஆகவே கல்லை மட்டும் வைத்துத் தீர்ப்பு எழுதக் கூடாது. அந்தக் காலத்தில் பள்ளம் எவ்வளவு வேகமாக இறங்கியது, கல் எந்தப் பாறையிலிருந்து வந்தது, மலையில் எந்தத் த்ரஸ்ட் அப்போது இயங்கியது என்று மூன்றையும் சேர்த்துப் பார்த்தால்தான் ஏதாவது சொல்ல முடியும். பாகிஸ்தானின் போட்வார் பீடபூமியில் பாறையின் காந்தத் திசை மாற்றங்களை வைத்து அடுக்குகளுக்கு வயது கண்டதால்தான் இப்படிப்பட்ட கேள்விகளையே கேட்க முடிந்தது.

பீகாரின் கோசி ஆறு ஏன் அடிக்கடி தடம் மாறுகிறது?

இறங்கிக்கொண்டிருக்கும் பள்ளத்தை நிரப்புவது அதன் வேலை என்பதால். எவரெஸ்ட் சுற்றுவட்டாரத்து மண்ணையெல்லாம் சுமந்து, நேபாள மலைவாயில் சத்ராவில் வெளிவந்ததும் சரிவு குறைகிறது; சுமையை இறக்கிவைக்கிறது. தன் தடத்தைத் தானே மேடாக்கிவிட்டு, பக்கத்துத் தாழ்வுக்குத் தாவுகிறது. இப்படி விசிறிபோல் விரிந்த வண்டல் பரப்பு, நீளத்தில் மட்டும் 150 கி.மீ.க்கு மேல். இருநூறு ஆண்டுகளில் கோசி 100 கி.மீ.க்கு மேல் மேற்கே நகர்ந்தது.

1950-களில் இரு கரைகளிலும் அணைக்கரை கட்டினார்கள். விசிறி முழுதும் பரவ வேண்டிய மண், கரைகளுக்கிடையே மட்டும் படிந்தது. ஆற்றுப்படுகை வெளியே உள்ள வயல்களைவிட உயர்ந்தது. 2008 ஆகஸ்ட் 18 அன்று நேபாளத்தின் குசஹாவில் கரை உடைந்தது. கரையின் வடிவமைப்புக் கொள்ளளவில் ஐந்தில் ஒரு பங்கு வெள்ளம்கூட அன்று இல்லை. கோசி 100 கி.மீ.க்கு மேல் கிழக்கே தள்ளிப் பாய்ந்தது. முப்பது லட்சம் பேருக்குமேல் பாதிக்கப்பட்டார்கள். இதை வெறும் மழைவெள்ளம் என்று பதிவு செய்வது அந்த மக்களுக்குச் செய்யும் அநீதி. படுகை எப்படி இயங்குகிறது என்பதைக் கணக்கில் எடுக்காத எந்தக் கரையும் அங்கே கெடு வைத்துக்கொண்டுதான் நிற்கும்.

சமவெளியில் நிலநடுக்க ஆபத்து உண்டா?

கண்டிப்பாக உண்டு. 1934 ஜனவரி 15 நிலநடுக்கத்தின் மையம் நேபாளத்தில், ஆனால் முங்கேர் நகரமே தரைமட்டமானது. வடக்கு பீகாரில் நீர் ஊறிய வண்டல் குழம்பாகி, வயல்களில் மணல் ஊற்றெடுத்துப் பாய்ந்தது. கட்டடங்கள் சாய்ந்து புதைந்தன. ஆழமான வண்டல் அதிர்வைப் பெருக்கும், நீண்ட நேரம் ஆட்டும். 2015 ஏப்ரல் 25 நேபாள நிலநடுக்கத்தில் பிளவு ஆழத்தில் நழுவியது, முகப்புவரை வந்து தரையைக் கிழிக்கவில்லை. அந்த முகப்புப் பகுதியில் தேங்கிய அழுத்தம் இன்னும் மிச்சமிருக்கிறது.

இந்தப் படுகைகளில் எண்ணெய் அதிகம் கிடைப்பது ஏன்?

த்ரஸ்ட் தொகுதிகளும் வண்டலும் சேர்ந்து அடியில் உள்ள கரிமப் பாறையை ஆழத்தில் புதைத்துச் சூடாக்குகின்றன. உருவான எண்ணெய், சாய்ந்த அடுக்குகளின் வழியே மலையிலிருந்து விலகி மேல்நோக்கி ஊர்கிறது. முகப்பில் உள்ள மடிப்புகள் அதைப் பிடித்துவைக்கின்றன. 1908-ல் ஈரானின் மஸ்ஜித் சுலைமானில் எண்ணெய் பீறிட்டது சாக்ரோஸ் மலையின் இப்படியொரு மடிப்பில். பாரசீக வளைகுடாவே அந்த மலையின் முன்பள்ளம். ஆழம் அதிகபட்சம் 90 மீட்டர் அளவுதான். கனடாவின் அதபாஸ்கா எண்ணெய் மணல், ராக்கி மலைப் பக்கத்திலிருந்து நெடுந்தொலைவு ஊர்ந்துவந்து மேல்மட்டத்தில் கெட்டியான எண்ணெய். அசாமின் திக்பாயில் 1889-ல் கண்டதும் நாகா மலைகளின் த்ரஸ்ட் பட்டையில்தான். கங்கைப் படுகையில் ஆழ்துளைகள் போட்டும் வணிக அளவில் பெரிதாக எதுவும் கைகூடவில்லை. அதன் பெருஞ்செல்வம் நிலத்தடி நீர். அதிலும் பீகார், வங்கப் பகுதிகளில் இமய வண்டலோடு வந்த ஆர்செனிக் கலந்திருப்பது பெரும் துயரம்.

நம் காவிரிப் படுகையும் இப்படி உருவானதா?

இல்லை, நேர் எதிர். கோண்டுவானா என்ற பழைய பெருங்கண்டம் பிளந்தபோது நிலம் இழுபட்டு, மெலிந்து, உடைந்து இறங்கிய படுகை அது. அரியலூர்க் கடல் புதைபடிவங்கள் அந்தப் பிளவில் நுழைந்த கடலின் மிச்சம். மேற்குத் தொடர்ச்சி மலையும் த்ரஸ்ட் மலை அல்ல.

படுகை நிரம்பி வழிந்த மண் எங்கே போகிறது?

வங்கக் கடலுக்கு. கங்கையும் பிரம்மபுத்திராவும் ஆண்டுக்குச் சுமார் 100 கோடி டன் வண்டலைக் கொண்டுசெல்கின்றன. கடலடியில் அது 3,000 கி.மீ. நீள விசிறியாகப் பரந்து கிடக்கிறது. 2015-ல் ஒரு சர்வதேசக் கப்பல் இலங்கைக்குக் கிழக்கே, கன்னியாகுமரிக்கு நேரான 8 டிகிரி வடக்கு அட்சரேகையில், அந்த விசிறியை ஏழு இடங்களில் துளையிட்டு இமயத்து மண்ணை எடுத்தது.

மலை தேய்ந்து மறைந்த பிறகு?

பாரம் குறையக் குறையத் தட்டு நிமிர்கிறது. படுகையும் மேலே வந்து அரிபடத் தொடங்குகிறது. அமெரிக்காவின் கிழக்கே இதைப் பார்க்கலாம். ஏறத்தாழ 39 கோடி ஆண்டுகளுக்கு முன் அங்கே எழுந்த அகேடியன் மலைகளின் முன்பள்ளத்தில், ஆழ்ந்த நீரில் படிந்த கருஞ்சேறுதான் இன்று எரிவாயு தரும் மார்செல்லஸ் ஷேல் என்ற களிப்பாறை. பிறகு ஆறுகள் மணலைக் கொட்டி அந்தப் பள்ளத்தை நிரப்பின. அந்த மலைகள் இப்போது வேரளவுக்குத் தேய்ந்துவிட்டன. அவற்றிலிருந்து உதிர்ந்து பள்ளத்தில் சேர்ந்த மணல்தான் நியூயார்க் மாநிலத்தில் கேட்ஸ்கில் மலை என்ற பெயரில் 1,200 மீட்டருக்கு மேல் உயர்ந்து நிற்கிறது.